மாமியாருக்குக் கீழே ஓர் எஞ்சின்

கழற்றத் தெரிந்தால் பூட்டவும் தெரியும் என்று நம்புகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் பின்கட்டில் ஒரு மின்விசிறி மல்லாந்து படுத்திருக்கும். இழுப்பறையைத் திறந்தால் எந்தச் சாமானுக்கும் சொந்தமில்லாத திருகாணிகள் உருளும். என் வீட்டில் அவை ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. (அந்த டின்னின் மூடியும் சரியாக மூடாது. அதையும் நான்தான் ஒருமுறை சரிசெய்தேன்.)

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது, உள்ளே இருப்பது மீனா மருந்தா, வழியில் எங்கே சிக்கிக்கொண்டது, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு குறியீட்டு எண், ஒரு ‘கோட்’ உண்டு. கோட் தெரிந்தால் பிரச்சினை தெரிந்துவிடும், பிரச்சினை தெரிந்தால் பாதி தீர்ந்த மாதிரிதான் என்பது அந்த வேலை எனக்குக் கொடுத்த ஞானம். மீதிப் பாதியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

என் கணவர் செல்வம் சைவச் சாப்பாடு சமைத்து விசேஷங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் செய்கிறார். பெடோக் பக்கம் ஓர் உணவுத் தொழிற்கூடக் கட்டடத்தில் அவருடைய சமையற்கூடம். சமையலுக்குத் தலைமை என் மாமியார். சாப்பாட்டைச் சுமப்பது ஒரு பழைய டீசல் வேன். அந்த வேனின் அமைப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அதற்கு முன்மூக்கு கிடையாது. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டைத் தூக்கினால்தான் அதைப் பார்க்க முடியும். அந்தச் சீட்டில் எப்போதும் என் மாமியார் உட்கார்ந்திருப்பார். ஆக, வேனில் என்ன கோளாறு வந்தாலும் முதலில் மாமியாரைத் தூக்க வேண்டும்.

இனி என் அப்பா. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வேர்விட்ட குடும்பம். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே அலுவலக மேசை, இஸ்திரி போட்ட சட்டை, பேனா. அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டிலிருந்து போய் நான் ஒரு சமையல்காரரைக் கட்டிக்கொண்டேன். அப்பா கோபப்படவில்லை, திட்டவில்லை, கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதமும் செய்தார். ஆனால் அன்றிலிருந்து என் கணவரை “மிஸ்டர் செல்வம்” என்றே கூப்பிட்டார். தீபாவளிக்குப் போனால், “வாங்கோ மிஸ்டர் செல்வம், இருங்கோ மிஸ்டர் செல்வம்” என்பார். வங்கி மேலாளரிடம் பேசுவது போல இருக்கும். இவரும் பாவம், சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கடன் கேட்க வந்தவர் மாதிரி விழிப்பார்.

என் தங்கை சுகன்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, “சாப்பாடு அத்தான்தான் போடணும், இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்” என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அப்பா ரொம்ப நேரம் பேப்பரை மடித்து விரித்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, மிஸ்டர் செல்வத்திட்டயே குடுப்பம்” என்றார். என் கணவர் அந்தச் செய்தியைக் கேட்ட அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டுப் பாடினார். எனக்கோ அது வெறும் சாப்பாடாகத் தோன்றவில்லை. என் கல்யாணத்துக்கு இத்தனை வருஷம் கழித்து வைக்கப்பட்ட பரீட்சையாகத் தோன்றியது.

பரீட்சைக்கு முந்தைய வாரம் வேன் படுத்துவிட்டது.

படுத்துவிட்டது என்றால் நின்றுபோகவில்லை. ஓடியது. ஆனால் மேம்பாலம் ஏறும்போது சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். சிக்னலில் நின்று புறப்படும்போது பின்னால் கறுப்பாகப் புகை எழும்பியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. டீசல் சரியில்லை என்றார் என் கணவர். “அரிசி மூட்டைய கொஞ்சம் கம்மியா ஏத்து. அதுக்கும் வயசாவுதுல்ல” என்றார் மாமியார்.

நான் இணையத்தில் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால், வேனுக்கு என்ன நோய் என்று கைப்பேசியில் கோட் வந்துவிடும். வந்தது. கோட்! சாங்கியில் எனக்குக் கிடைக்கும் அதே பரவசம் அந்த வேனுக்குள்ளும் கிடைத்தது. அதே செயலியில் ‘கோட்டை அழிக்கவும்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது.

“சரியாயிடுச்சு,” என்று அறிவித்தேன்.

“அவ்வளவுதானா?” என்றார் செல்வம், பயபக்தியோடு.

“அவ்வளவுதான்.”

காய்ச்சல்காரனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கிவிட்டுக் குணமாகிவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பான வைத்தியம் அது என்று பெண்டமீர் வரை போய்த் திரும்புவதற்குள் தெரிந்துவிட்டது. விளக்கு திரும்ப எரிந்தது. புகை முன்னைவிடக் கறுப்பாக வந்தது.

காக்கி புக்கிட்டில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பார்த்துவிட்டுச் சொன்னதும் என் கோட் சொன்னதும் ஒன்றே: இ.ஜி.ஆர். வால்வு. (எஞ்சின் வெளியே விடும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி அதற்கே ஊட்டுகிற ஏற்பாடு இது. காற்று மாசு குறையுமாம். புகையைத் தேவையான அளவு விடுவதற்கு ஒரு வால்வு திறந்து மூடும். கரி படிந்து படிந்து அது திறந்தபடியே இறுகிவிட்டால், எஞ்சின் நல்ல காற்றுக்குப் பதிலாகத் தன் புகையையே குடித்துக்கொண்டிருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்.) புது வால்வு போடலாம், ஆனால் சாமான் வர அடுத்த வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். கழற்றிச் சுத்தம் செய்யலாமே என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் இந்த வாரம் அவர் பட்டறையில் கால் வைக்க இடமில்லை.

திரும்பி வரும் வழியில் என் கணவர், “பரவால்லலா மாலு. லாரி ஃப்ரெண்டுகிட்ட கேக்கலாம். சாப்பாட்ட அதுல ஏத்திக்கலாம்” என்றார்.

திறந்த லாரி. என் தங்கை கல்யாணச் சாப்பாடு, இரும்புக் கம்பிகள் ஏற்றும் திறந்த லாரியில் போய் இறங்குவதையும், அதை என் அப்பா பட்டு வேட்டியோடு வாசலில் நின்று பார்ப்பதையும் கற்பனை செய்தேன்.

“வேணாம். நானே சுத்தம் பண்றேன்,” என்றேன். “வீடியோ இருக்கு.”

என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது நான் ‘நம்பிக்கை’ என்று பொருள் கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் லீவு போட்டுவிட்டு, சமையற்கூடத்துக்குக் கீழே சரக்கு இறக்கும் இடத்தில் வேனை நிறுத்தினேன். சீட்டைத் தூக்கினேன். கைப்பேசியை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்தேன். வீடியோவில் பேசியவர் தாடி வைத்த ஓர் ஆஸ்திரேலியர். அவர் எதைத் தொட்டாலும் கழன்றது. நான் தொட்டது எதுவும் கழலவில்லை. காற்று போகும் பெரிய குழாயைப் பிரிக்கவே மதியமாகிவிட்டது. ஒரு போல்ட் மட்டும் அசைவேனா என்றது. அதன்மீது துருநீக்கி அடித்துவிட்டுக் காத்திருந்தேன், கெஞ்சினேன், கடைசியில் தமிழில் நான்கு வார்த்தை சொன்னேன். கழன்றது. (சிங்கப்பூரில் எத்தனை வருடம் ஓடினாலும் வண்டிக்குத் தாய்மொழி புரிகிறது.)

வால்வு வெளியே வந்தபோது எனக்கே பாவமாக இருந்தது. உள்ளே விரல் நுழைய இடமில்லாமல் கரி. எள்ளுருண்டைக்கு இடித்து வைத்த மாதிரி பிசுபிசுப்பாக அப்பியிருந்தது. சுத்தம் செய்யும் திரவத்தை அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். முழங்கை வரை கறுப்பு.

மாமியார் கீழே இறங்கி வந்து பார்த்தார். “மேல நான் வடைக்கு அரைக்கிறேன், கீழ நீ கரி அரைக்கிற. நல்லா இருக்கு குடும்பம்,” என்று சொல்லிவிட்டு ஒரு கப் டீயை வைத்துவிட்டுப் போனார்.

அப்போது வீடியோ ஆசாமி ஒரு முக்கியமான எச்சரிக்கை சொன்னார். குழாயைப் பிரித்த இடத்தில் திறந்திருக்கும் வாய் நேராக எஞ்சினுக்குள் போகிறது. அதற்குள் ஒரு சின்ன நட் விழுந்தாலும் எஞ்சின் காலி. ஆகவே வேலை முடியும்வரை ஒரு துணியைச் சுருட்டி அந்த வாயில் அடைத்து வையுங்கள். நல்ல யோசனை. வேனின் பின்னால் செல்வத்தின் பழைய கேட்டரிங் டீ-சட்டை ஒன்று கிடந்தது. சுருட்டி அடைத்தேன்.

அந்தச் சட்டையை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வால்வு பளபளவென்று ஆனது. கருவியில் பொத்தானை அழுத்தினால் அழகாகத் திறந்தது, அழகாக மூடியது. நான் கோழிக்குஞ்சு பொரிந்ததைப் பார்க்கிறவள் மாதிரி திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டடத்துப் பாதுகாவலர் வந்தார். மலாய்க்காரர், வயசானவர், எப்போதும் சிரித்தபடி இருப்பார். அன்று சிரிக்கவில்லை.

“அக்கா, இங்க ரிப்பேர் எல்லாம் கேனாட்லா, செய்யக் கூடாது. மேனேஜ்மென்ட் வருது. சீக்கிரம், சீக்கிரம்.”

எங்கள் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவர்களிடம் அவர் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தைகளில் ‘சீக்கிரம்’ முக்கியமானது. நான் வீடியோவை நிறுத்தினேன். வால்வைப் பூட்டினேன். குழாயைப் பொருத்தி வளையத்தை இறுக்கினேன். சீட்டை இறக்கினேன். சாவியைத் திருகினேன். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. மஞ்சள் விளக்கு இல்லை. புகை இல்லை. மெதுவாக நகர்த்தி நிறுத்துமிடத்தில் விட்டேன். மீதமாக ஒரு நட்டுகூட இல்லை. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் மிஞ்சவில்லை! அந்தப் பெருமையில்தான் நான் வேறு எதையும் எண்ணிப் பார்க்கவில்லை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கோயில் மண்டபத்தில். செல்வம் அடுப்பு, பாத்திரம், ஆட்கள் சகிதம் விடிந்ததுமே நண்பரின் லாரியில் போய்விட்டார். சாப்பாட்டோடு வேனை ஓட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் மட்டும் எத்தனை தேய்த்தும் போகாத கரி. பக்கத்துச் சீட்டில் மாமியார், மடியில் பாயசப் பாத்திரம். பின்னால் சாதம், சாம்பார், கூட்டு, வடை, மற்ற எல்லாம்.

கட்டட வளாகத்தை விட்டு வெளியே வரும்வரை சொர்க்கம். எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

வேன் பெருமூச்சு விட்டது. ஆனால் மூச்சை இழுக்கவில்லை.

அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையையே காணோம். கறுப்பாக ஒரு திரை. அதற்குள்ளிருந்து ஹார்ன் சத்தம் மட்டும் வந்தது. ஒரு டாக்சி அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, எங்களுக்கு இணையாக ஓடியது. அதன் ஓட்டுநர் என்னைப் பார்த்து வாயசைத்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

“நேத்து சரி பண்ணிட்டேன்னியே,” என்றார் மாமியார்.

“பண்ணிட்டேன் அத்தை.”

“பண்ணதுக்கு முன்னாடி இதவிட நல்லா இருந்துச்சும்மா.”

என் மனம் ஒவ்வொரு போல்ட்டாகத் திரும்பிப் போனது. வால்வு மறுபடி இறுகிவிட்டதா? பழைய கேஸ்கட்டையே போட்டது தப்பா? ஒயர் கழன்றுவிட்டதா? எல்லாம் யோசித்தேன். அடைத்த துணியை மட்டும் யோசிக்கவில்லை. மனித மூளை எவ்வளவு நேர்த்தியாகத் தன் எஜமானியைக் காப்பாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கினேன். சின்ன சாலைகளில் ஊர்ந்தேன். ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சீனப் பாட்டி எங்களைப் பார்த்ததும் அவசரமாகக் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து ஜன்னல்களும் வரிசையாகச் சாத்தப்பட்டன.

“கொசு மருந்து அடிக்க வந்திருக்கோம்னு நெனைக்கிறாங்க,” என்றார் மாமியார். சற்றுப் பொறுத்து, “எனக்கு அடியில சுடுது. பாயசம் மறுபடி கொதிக்கப்போவுது” என்றார்.

கைப்பேசி அடித்தது. அப்பா. ஸ்பீக்கரில் போட்டேன்.

“பிள்ளை, எங்க நிக்கிறாய்?”

“வந்திட்டே இருக்கன் அப்பா. ஜாலான் புசார் கிட்ட.”

“மாப்பிள்ளை வீட்டாக்கள் வெளிக்கிட்டிட்டினமாம். சாப்பாடு அதுக்கு முதல் உள்ள வந்திட வேணும். விளங்குதோ?”

“விளங்குது அப்பா.”

“அதென்ன சத்தம்?”

“எஞ்சின் அப்பா.”

அப்பா, “மிஸ்டர் செல்வத்தின்ர வேனோ?” என்றார். அந்தக் கேள்விக்குள் எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் இருந்தது. அந்தப் பாவப்பட்ட மனிதர் லாரி வேண்டும் என்றுதான் சொன்னார். நான்தான் மறுத்தேன். பெயர் கெடப்போவது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நடந்துபோகவே இடம் இருக்காது. பூக்கடை, காய்கறிக் கடை, சாலையைக் கடக்கும் கூட்டம், அதற்கிடையே புகை கக்கிக்கொண்டு, மனித நடை வேகத்தில் நான். நடைபாதையில் போன ஒரு தம்பி ஜன்னலைத் தட்டி, “அக்கா, வண்டி தீப்புடிச்சிருக்கான்னு பாருங்க” என்றார். நன்றி சொன்னேன். தீப்பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தேன். தீ விபத்து என்றால் யாரும் நம்மைக் குற்றம் சொல்லமாட்டார்கள்.

மண்டபத்து வாசலில் ஒரு சின்ன ஏற்றம். அதில் பின்பக்கமாக ஏறி நிறுத்தினால்தான் வேனின் பின்கதவு சமையலறைப் பக்கம் வரும். நாங்கள் திரும்பி நின்றபோது நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டார்கள். மாப்பிள்ளை குகன், வெண்பட்டு வேட்டி, தந்த நிறத்தில் தலைப்பாகையோடு வாசலில் நின்றார். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போக வேண்டும். என் தம்பி நிரோஷன் செம்பும் தாம்பாளமுமாகக் குனிந்திருந்தான்.

என் திட்டம் எளிமையானது. அவர்கள் உள்ளே போகும்வரை காத்திருப்பது. ஆனால் எஞ்சின் காத்திருக்க மறுத்தது. குலுங்கிக் குலுங்கி அணையப் பார்த்தது. அங்கே அணைந்தால் வேன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், கல்யாணமே வெளியில் நிற்கும். சமையலறைப் பக்கத்திலிருந்து செல்வம் இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. ‘வா, வா’ என்கிறார் என்று நினைத்தேன்.

ரிவர்ஸ் போட்டேன். பின்கேமராத் திரையில் மாப்பிள்ளை ஓர் ஓரமாக, பாதுகாப்பான தூரத்தில், மிக அழகாகத் தெரிந்தார். வேன் ஏற்றத்தில் ஏறவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தேன்.

திரை கறுப்பாகிவிட்டது. கேமராவும் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு நாதஸ்வரம் நின்றது. ராகத்தின் நடுவில், மூச்சை உள்ளே இழுக்கிற இடத்தில் நின்றது. தவில்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர் போலிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் இருமினார். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

புகை மெதுவாக விலகியது. மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார். அசையவில்லை. தலைப்பாகை சாம்பல் நிறமாகியிருந்தது. வேட்டி சாம்பல் நிறமாகியிருந்தது. முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் வெள்ளையாக, மிக மெதுவாக இமைத்தன. என் தம்பி அவருடைய வலது காலை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே பார்த்தான். செம்பைப் பார்த்தான். பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை எழுந்து நின்று மாப்பிள்ளையின் முகத்தில் ஊற்றினான்.

மாப்பிள்ளையின் அம்மா வீறிட்டார். “ஐயோ, அபசகுனம்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. நான் வேனிலிருந்து இறங்கி, கரிக் கையைக் கூப்பிக்கொண்டு, என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. என் தம்பி சொல்வதன்படி, “வால்வு நல்லாத்தான் இருக்கு, வால்வு நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னேனாம்.

காப்பாற்றியவர் ஐயர். மேடையிலிருந்து இறங்கி வந்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “கலியாணம் எண்டால் புகை வரும்தானே. ஓமத்தில வாற புகை கொஞ்சம் வேளைக்கு வந்திட்டுது. முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்கு, மாப்பிள்ளையைக் குளிக்க வையுங்கோ” என்றார். இதைவிடக் கருணையான ஒரு வாக்கியத்தை நான் எந்த ஆலயத்திலும் கேட்டதில்லை. யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்த்தால் மாப்பிள்ளை குகன். சிரிக்கச் சிரிக்க முகத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வேன் வாசலில் குறுக்கே நிற்கிறதே. “ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்” என்று கதவைத் திறந்தேன்.

மாமியார் பாயசப் பாத்திரத்தோடு இறங்கி வந்து என் வழியை மறித்துக்கொண்டு நின்றார். மண்டபம் முழுவதும் கேட்கும் குரல் அவருக்கு. “முதல்ல மாப்பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்க! அப்புறம் இவ சாவியத் தொடட்டும்!”

மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போனார்கள். சம்பந்தி வீட்டார், உறவினர், தவில்காரர், ஒருவர் பாக்கியில்லாமல் அவர் பின்னால் வேகமாக உள்ளே போய்விட்டார்கள். வாசலில் நானும், செல்வமும், மாமியாரும், அப்பாவும், போகமாட்டேன் என்று நின்ற புகைப்படக்காரரும்தான் மிச்சம்.

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டைத் தூக்கினேன். குழாய் வளையத்தைத் தளர்த்தினேன். குழாயை விலக்கியதும் உள்ளேயிருந்து ஒரு சட்டைக்கை எட்டிப் பார்த்தது.

சில நிமிடங்களை வாழ்க்கை திரும்பத் திரும்பக் காட்டும். அந்தச் சட்டைக்கை எனக்கு இன்னும் கனவில் வருகிறது. பிடித்து இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் வாய்க்குள் நன்றாக உறிஞ்சப்பட்டு, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி வந்தது. என் கையில் விரிந்து தொங்கியது. முன்பக்கம் ஒரே கரி. முதுகுப்பக்கம் மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது. அதில் என் கணவரின் தொழில் வாசகம் பச்சை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது: ‘சுத்தமே எங்கள் சுவை.’

புகைப்படக்காரர் எடுத்துவிட்டார்.

நான் அப்படியே வேன் படியில் உட்கார்ந்து அழுதேன். சும்மா கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை. தங்கையின் கல்யாணம், கணவரின் பெயர், அப்பாவின் மானம், எல்லாவற்றையும் ஒரே மிதியில் ஊதித் தள்ளிவிட்டேன் என்ற அழுகை. துடைத்த கையில் கரி இருந்ததால் என் முகமும் மாப்பிள்ளை முகமும் ஒன்றாகிவிட்டன என்று பிறகு கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்தது.

செல்வம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா எங்கள் எதிரே நின்றார். அவர் இப்போது “மிஸ்டர் செல்வம்” என்று ஆரம்பிப்பார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா குனிந்து என் கணவரின் தோளில் கை வைத்தார். “தம்பி,” என்றார். “சின்னனில ஒருநாள் என்ர கைக்கடிகாரத்தைக் கழட்டினவள். அதுக்குப் பிறகு ரேடியோவை. நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். மனதைத் தளர விடாதேங்கோ.”

செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரல். என் கணவர் தலையை ஆட்டி, “பரவால்ல மாமா, பழகிடுச்சு” என்றார். கல்யாணமாகி முதல்முறையாக அவர் என் அப்பாவை மாமா என்று கூப்பிட்டதை நான் கவனித்தேன். நியாயமாக நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு ஆண்கள் என் தலைக்கு மேலாக, என்னைப் பற்றி, இவ்வளவு ஆழமாக ஒருவரையொருவர் புரிந்துகொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது அத்தனை சுகமான அனுபவமில்லை.

பிறகு அப்பா, பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கி நான் பார்த்திராத அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார்ப் பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தார். மறு காதைச் செல்வம் பிடித்தார். இருவரும் ஏற்றத்தில் ஏறிச் சமையலறைக்குள் போனார்கள்.

நான் குழாயைப் பூட்டிச் சாவியைத் திருகினேன். வேன் தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் துளி புகை இல்லை. இழுத்தது பாருங்கள், புது வண்டி மாதிரி! இ.ஜி.ஆர். வால்வை நான் உண்மையிலேயே சரிசெய்திருந்தேன். இதை இன்றுவரை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்ட ஒருவராவது நம்பியதாகத் தெரியவில்லை.

முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது. குகன் குளித்து, தோழனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலைப்பாகையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணைச் சுற்றி மட்டும் கரி போகவில்லை. கல்யாணப் படங்களில் அவர் மை தீட்டிக்கொண்ட மாதிரி இருப்பார். சுகன்யாவுக்கு அந்தப் படங்கள்தான் பிடிக்கும் என்கிறாள். சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. சம்பந்தி அம்மா இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார். ஆனால் நான் பரிமாறப் போனபோது இலையை மூடிவிட்டார்.

இப்போதெல்லாம் அப்பாவும் என் கணவரும் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் சேர்ந்து காய்கறி வாங்குகிறார்கள், கோப்பிக் கடையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

போன மாதம் சுகன்யா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். துணி துவைக்கும் இயந்திரம் நடுவில் நின்றுபோய்த் திரையில் ஏதோ ஒரு கோட் காட்டியது. நான் சும்மா பார்க்கத்தான் போனேன். திருப்புளியைக்கூட இன்னும் சரியாக எடுக்கவில்லை, இழுப்பறையைத் திறந்த சத்தம் மட்டும்தான். கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த குகன் எழுந்தார். தன் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “மாப்பிள்ளை உள்ள வந்தாச்சு அக்கா. இனி நீங்க தொடங்கலாம்!”